சர்க்கரைக் குப்பிக்கு ஓர் அகழி

சரித்திரம் என்றாலே ராஜா, ராணி, போர், உடன்படிக்கை என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. மூன்று வருஷம் வகுப்பில் உட்கார்ந்து அதைத்தானே பக்கம் பக்கமாக எழுதினோம்! 'அகழி' என்று யாராவது சொன்னால் வேலூர்க் கோட்டைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் உள்ளங்கையில் அடங்கிவிடும் அகழி ஒன்றும் உலகத்தில் உண்டு. அது காக்கிற கோட்டை ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே இருக்கும் பொக்கிஷம் கால் லிட்டர் சர்க்கரைத் தண்ணீர். முற்றுகையிட வருகிற படை, எறும்பு. இத்தனை காவலும் யாருக்காக? மூன்று கிராம் எடையுள்ள ஒரு பறவைக்காக!

அமெரிக்காவில் குடியேறிவிட்ட நம் பழைய மாணவர்கள் பலர் வீட்டுத் தோட்டத்திலோ, அண்டை வீட்டிலோ இந்தச் சிவப்புக் குப்பியைப் பார்த்திருப்பார்கள். ஹம்மிங் பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிற 'ஃபீடர்' அது. அதைத் தொங்கவிட்ட எல்லோரும் ஒரு வாரத்துக்குள் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: "பறவைக்குன்னு வச்சா, எறும்பும் தேனீயும் வேற குருவியும்ல குடிச்சிட்டுப் போகுது! இதுக்கு என்ன வழி?" சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இந்த மலருக்காகச் சொல்லப் புகுகிறேன்.

விருந்தாளி யார்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர்ச் செம்பருத்திச் செடியைச் சுற்றிவரும் தேன்சிட்டு வேறு, ஹம்மிங் பறவை வேறு. இரண்டும் தேன் குடிக்கும், இரண்டும் மினுமினுக்கும். ஆனால் உறவுமுறை கிடையாது. ஹம்மிங் பறவை வட, தென் அமெரிக்கக் கண்டங்களுக்கும் அவற்றை ஒட்டிய தீவுகளுக்கும் மட்டுமே உரியது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டுகிற இனம் ஒன்றே ஒன்று: கழுத்தில் மாணிக்கச் சிவப்பு கொண்டது. எடை சுமார் 3 கிராம். வினாடிக்கு 50 தடவைக்கு மேல் சிறகடிக்கும். இலையுதிர் காலத்தில் உடம்பில் கொழுப்பைச் சேர்த்து, எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொண்டு, மெக்சிகோ வளைகுடாவின் மேல் சுமார் 800 கிலோமீட்டர் தூரத்தை இறங்காமல் தாண்டும்.

இப்படி ஓடுகிற இயந்திரத்துக்கு எரிபொருள் சர்க்கரை. அது கிடைக்காத இரவு நேரத்தில், உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொண்டு செத்ததுபோல் ஒடுங்கிக் கிடந்து உயிர் பிழைக்கும். ஆகவே ஒரு குப்பியை வேறு யாராவது காலி பண்ணிவிட்டால் 'போனால் போகிறது' என்று இந்தப் பறவையால் எளிதாக இருந்துவிட முடியாது. பூவும் குறைந்து குளிரும் வந்துவிட்ட நாளில் அது உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடும்.

காகிதப் பூவில் தொடங்கிய கதை

1900-ஆம் ஆண்டு. 'பேர்ட்-லோர்' என்ற பறவை ஆர்வலர் இதழில் மாசசூசெட்ஸ் மாநிலத்து புரூக்லைன் ஊரிலிருந்து கரோலின் சூல் என்ற பெண்மணி ஒரு குறிப்பு எழுதினார். கெட்டிக் காகிதத்தில் எக்காளப் பூ மாதிரி செய்து, வர்ணம் தீட்டி, உள்ளே ஒரு சின்னக் குப்பியை வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினாராம். ஹம்மிங் பறவை வந்து குடித்தது! இன்றைக்குக் கடைகடையாகத் தொங்குகிற ஃபீடருக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லத்தக்கது அந்தக் காகிதப் பூ.

அடுத்து வந்தவரை நம் மாணவ நண்பர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அல்தியா ஷெர்மன். ஓபர்லின் கல்லூரியில் படித்தவர், ஓவிய ஆசிரியை. 1895-இல் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள அயோவா மாநிலத்தில் 'நேஷனல்' என்ற சின்னக் கிராமத்துக்குத் திரும்பி வந்தவர், பிறகு அங்கேயே இருந்துவிட்டார். பரிசோதனைக் கூடம் கிடையாது. பல்கலைக்கழகப் பதவி கிடையாது. 1907 முதல் ஏழு கோடைக் காலங்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் குப்பிகளை வைத்து, எந்தப் பறவை எப்போது வந்தது, எவ்வளவு குடித்தது என்று குறித்துக்கொண்டே வந்தார். துணியில் பூச்செய்து கட்டிப் பார்த்தார். பூவே இல்லாத வெறும் குப்பியையும் வைத்துப் பார்த்தார். அதையும் பறவை கண்டுபிடித்துக் குடித்துவிட்டது! 1913-இல் 'வில்சன் புல்லட்டின்' என்ற ஆராய்ச்சி இதழில் அது கட்டுரையாக வந்தது. நிறம் முதல் அழைப்புக்குத்தான். ருசி தெரிந்த பிறகு பறவைக்கு இடமே ஞாபகம் என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. சர்க்கரைத் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலப்பது அவசியமே இல்லை என்று இன்றைக்கு நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள் அல்லவா? அதற்கு வேர் அந்தக் கிராமத்துத் தோட்டத்தில் இருக்கிறது.

1928-இல் 'நேஷனல் ஜியாக்ரபிக்' பத்திரிகையில் மார்கரெட் போடைன் என்பவர் ஹம்மிங் பறவைகளோடு கழித்த விடுமுறையைப் பற்றிப் படங்களோடு எழுதினார். அது வீட்டுக்கு வீடு ஆசையைக் கிளப்பிவிட்டது. நியூ ஹாம்ப்ஷயரில் ஹோல்டர்னெஸ் என்ற ஊரில் தோட்ட வீடு வைத்திருந்த லாரன்ஸ் வெப்ஸ்டர் கண்ணாடியில் ஒரு ஃபீடர் வடிவமைத்தார். நொடியை ஆயிரக்கணக்கான கூறுகளாக நறுக்கிப் படம் பிடிக்கும் மின்னல் விளக்கைக் கையாண்ட எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரால்ட் எட்ஜெர்ட்டன் 1930-களில் அந்தத் தோட்டத்துக்கு வந்துதான் ஹம்மிங் பறவையின் சிறகை அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். 1950-இல் வெப்ஸ்டரின் ஃபீடர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கம்பெனி மூலம் விற்பனைக்கும் வந்தது. கடையில் கிடைத்த முதல் ஹம்மிங் ஃபீடர் என்று பெயர் பெற்றது அதுதான்.

அழையாத விருந்தாளிகள்

சர்க்கரைத் தண்ணீரில் யார் பெயரும் எழுதியிருக்காது. குப்பி பெருகப் பெருகக் கூட்டமும் பெருகிற்று. மரங்கொத்தி, ஓரியோல் போன்ற உள்ளூர்ப் பறவைகள் வந்தன. அவை மண்ணின் மைந்தர்கள்; அவர்களை விட்டுவிடுவோம். அதிகம் திட்டு வாங்குகிற மற்ற மூவரின் ஊர்ச் சான்றிதழைப் பார்த்தால்தான் வேடிக்கை.

தேனீ: அமெரிக்காவில் இன்றைக்குப் பெட்டியில் வளர்க்கிற தேனீ அந்த மண்ணுக்குரியதே அல்ல. 1622-இல் வர்ஜீனியாவுக்கு ஐரோப்பியர் கப்பலில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

எறும்பு: கலிபோர்னியாவில் வீட்டு எறும்பு என்றால் பெரும்பாலும் 'அர்ஜென்டினா எறும்பு'. தென் அமெரிக்காவில் பிறந்தது. சரக்குக் கப்பலில் ஒட்டிக்கொண்டு வந்து, 1891-இல் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் பதிவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவுக்கும் போய்விட்டது. மற்ற எறும்பு மாதிரி புற்றுக்குப் புற்று சண்டை போட்டுச் சாகாமல், ஊர் முழுக்க ஒரே குடும்பமாக வாழும். ஒன்று சர்க்கரையைக் கண்டால் ஊரே வரிசை கட்டி வந்துவிடும்.

ஃபிஞ்ச் குருவி: மேற்கு அமெரிக்காவின் சாதாரணக் குருவி. பிடித்துக் கூண்டில் அடைத்து நியூயார்க்கில் விற்றார்கள். காட்டுப் பறவையை விற்பது சட்டப்படி குற்றம் என்று கெடுபிடி வந்ததும் 1940-இல் வியாபாரிகள் கூண்டைத் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து பெருகிக் கிழக்கு அமெரிக்கா முழுவதும் பரவிற்று. இன்றைக்கு ஃபீடரில் வந்து உட்கார்ந்து குடிக்கிறது.

ஆக, 'திருட்டுப் பயல்கள்' என்று நாம் விரட்டுகிற மூவரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது மனிதன்தான்! குப்பியைத் தொங்கவிட்டதும் மனிதன்தான். இது மனசில் இருந்தால், விரட்டுகிற முறையிலும் ஒரு நியாயம் வந்துவிடும்.

விஷமும் எண்ணெயும்

ஆனால் ஆரம்ப காலத்தில் அந்த நியாயம் இல்லை. அர்ஜென்டினா எறும்பு தெற்கு மாநிலங்களை அலைக்கழித்த நாட்களில், சாப்பாட்டு மேஜைக் காலில் பாதரச உப்பில் தோய்த்த நாடாவைச் சுற்றிக் கட்டினார்கள். கடும் விஷம் அது. தோட்டத்துக் குப்பிக்கும் இதே யுத்த மனப்பான்மை வந்தது. பூச்சி மருந்து அடி, கம்பியில் கிரீஸ் தடவு, வாசலைன் பூசு, சமையல் எண்ணெய் தேய் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு.

இதில் உள்ள ஆபத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிரீஸ் எறும்பைத் தடுக்கும், சரி. குப்பியைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிற பறவையின் இறகு அதில் பட்டால்? மூன்று கிராம் உடம்பில் பிசுக்கு ஒட்டினால் அலகால் கோதி எடுக்க வராது. இறகு ஒட்டிக்கொண்டால் சூடு தங்காது, பறக்கவும் முடியாது. அப்புறம் கதை முடிந்தது. மேலும், ஹம்மிங் பறவை சர்க்கரை மட்டும் தின்று வாழ்வதில்லை. புரதத்துக்குச் சின்னப் பூச்சியையும் சிலந்தியையும் பிடித்துத் தின்னும். பூச்சி மருந்து அடித்தால் ஒரு கையால் விருந்து வைத்து, மறு கையால் சோற்றில் மண்ணைப் போட்ட கணக்குத்தான்.

தண்ணீரே வேலி

இதற்கு விடை எந்தப் பெரிய ஆராய்ச்சியிலும் இல்லை. நம் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் தெரிந்த விஷயம் அது. பால் செம்பைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார்களே, ஏன்? பலகாரம் வைக்கிற வலை அலமாரியின் நாலு காலுக்கும் நாலு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பார்களே, ஏன்? தேனீ வளர்க்கிறவர்களும் பெட்டித் தாங்கியின் கால்களை இப்படித்தான் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிறார்கள். எறும்பு நடந்து வருகிற படை. நடுவில் தண்ணீர் இருந்தால் அது தயங்கித் திரும்பிவிடும்.

அமெரிக்கக் குப்பி தரையில் நிற்பதில்லை, அந்தரத்தில் தொங்குகிறது. எறும்பு மேலேயிருந்து கம்பி வழியாக இறங்கி வரும். ஆகவே குப்பிக்கு மேலே, கம்பியின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தை மாட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்கு ஆங்கிலத்திலும் 'எறும்பு அகழி' என்றே பெயர்! அதில் எண்ணெய், உப்பு, மருந்து எதுவும் கலக்கக்கூடாது. ஏனென்றால் சிக்கடீ போன்ற சின்னக் குருவிகள் தாகத்துக்கு அந்தத் தண்ணீரையும் குடிக்கும். பாருங்கள், ஒருத்தரைத் தடுக்கிற வேலி இன்னொருத்தருக்குத் தண்ணீர்ப் பந்தலாக ஆகிவிட்டது! இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கோடையில் அகழி வற்றிவிடும், தினம் பார்க்கணும். ஒரு கிளையோ இலையோ குப்பியைத் தொட்டால் எறும்புக்குப் பாலம் கிடைத்துவிடும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. இது பௌதிகம் படித்த நண்பர்களுக்கு. தலைகீழாகக் கவிழ்த்த குப்பியில் மேலே கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கும். வெயில் ஏறினால் அந்தக் காற்று விரியும். விரிந்து தண்ணீரைக் கீழே தள்ளும். குப்பி சொட்டும். சொட்டுகிற சர்க்கரைதான் எறும்புக்கும் தேனீக்கும் போகிற அழைப்பிதழ். நிழலில் தொங்கவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

நாக்கின் நீளம்

எறும்பு போயிற்று. பறக்கிற தேனீயை எந்த அகழி தடுக்கும்? இங்கேதான் பறவையின் உடம்பையே அளந்து வேலி கட்டினார்கள். தேனீயின் நாக்கு சுமார் 6 மி.மீ. நீளம். மாணிக்கக் கழுத்து ஹம்மிங் பறவையின் அலகே 15 மி.மீ.க்குக் குறையாது, அதற்கு மேல் நாக்கும் நீளும். ஆகவே தட்டையான ஒரு தாம்பாளம், மேலே மூடி, மூடியில் சின்ன ஓட்டை, அதற்கு ஒரு சென்டிமீட்டர் கீழே சர்க்கரைத் தண்ணீர் என்று அமைத்தால் போதும். தேனீ ஓட்டையில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, எட்டாது என்று போய்விடும். பறவைக்கோ ஒரு சிரமமும் இல்லை. தாம்பாளத்தில் சொட்டுகிற தொல்லையும் கிடையாது. ஃபீடரில் அலங்காரத்துக்கு ஒட்டுகிற மஞ்சள் பூக்கள் தேனீயைத்தான் கூப்பிடும்; அது தெரிந்த பிறகு முழுச் சிவப்பாகவே செய்ய ஆரம்பித்தார்கள்.

அந்த நாக்கு எப்படி வேலை செய்கிறது என்பதே ஒரு தனிச் சரித்திரம். மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவதுபோல் நாக்கிலும் ஏறுகிறது என்று 1833 முதல் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். 2011-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெஹாந்த்ரோ ரிக்கோ-குவேரா, மார்கரெட் ரூபேகா இருவரும் கண்ணாடி போன்ற ஃபீடர் வைத்து, அதிவேகப் படம் பிடித்து, அது தவறு என்று காட்டினார்கள். நாக்கின் நுனி தேனுக்குள் விரிந்து, வெளியே வரும்போது சுருங்கித் தேனைப் பொறியில் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வருகிறதாம். சுமார் 180 வருஷம் புத்தகத்தில் இருந்த கூற்று ஒரு குப்பியின் முன்னால் விழுந்தது!

மற்றக் குருவிகளுக்கு என்ன வழி? ஹம்மிங் பறவைக்கு அந்தரத்தில் நின்று குடிக்கத் தெரியும். ஃபிஞ்சுக்கும் ஓரியோலுக்கும் அது வராது. உட்காருகிற கம்பியை எடுத்துவிட்டால் அவற்றுக்குப் பிடிமானம் போய்விடும். ஓரியோலுக்கு ஆரஞ்சுப் பழத்தைப் பாதியாக அறுத்துத் தள்ளி ஓர் இடத்தில் வைத்தால் அது அந்தப் பந்திக்குப் போய்விடும். கடைசியில் ஒரு வேடிக்கை: ஹம்மிங் பறவையைத் துரத்துகிற பெரிய ரௌடி இன்னொரு ஹம்மிங் பறவைதான்! ஓர் ஆண் பறவை குப்பியைத் தன் சொத்தாக்கிக்கொண்டு யாரையும் அண்டவிடாது. அதற்கு ஒரே மருந்து, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத இடங்களில் இரண்டு மூன்று குப்பி தொங்கவிடுவது.

திருடன் சாட்சி ஆன கதை

அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரத்து மக்களுக்கு வேறு மாதிரித் தொல்லை. சாயங்காலம் நிரம்பியிருந்த குப்பி காலையில் காலி! ராத்திரியில் வந்தது வௌவால். கள்ளிப் பூவின் தேனைக் குடிக்கிற நீள்மூக்கு வௌவால் இனம் அது. 1988-இல் அமெரிக்க அரசு அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. அப்போது தெரிந்திருந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் குறைவு.

அந்த ஊர்க்காரர்கள் வேலி போடவில்லை. குப்பியைத் திறந்து வைத்துவிட்டு, எந்த ராத்திரி எவ்வளவு குறைந்தது என்று எழுத ஆரம்பித்தார்கள். தெற்கு அரிசோனாவின் தோட்டங்களில் தொண்டர்கள் பத்து வருஷத்துக்குச் சேர்த்த அந்தக் கணக்கு, வௌவால்கள் எப்போது வருகின்றன, எங்கே போகின்றன என்று விஞ்ஞானிகளுக்குக் காட்டிக்கொடுத்தது. 2018-இல் அந்த இனம் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எண்ணிக்கை சுமார் 2 லட்சமாக உயர்ந்திருந்தது. அமெரிக்காவில் இப்படி மீண்டு பட்டியலைவிட்டு வெளியே வந்த முதல் வௌவால் இனம் அதுதான்.

அதே அரிசோனாவில் பேட்டகோனியா என்ற சிற்றூரில் பேட்டன் தம்பதியர் 1970-களிலிருந்து தங்கள் வீட்டுக் கொல்லையை யார் வேண்டுமானாலும் வந்து ஹம்மிங் பறவை பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். டிக்கெட் கிடையாது. சர்க்கரைச் செலவுக்கு மட்டும் ஒரு தகர டப்பா வைத்திருந்தார்கள். 2014-இல் டூசான் ஆடுபான் சங்கம் அந்த வீட்டை ஏற்று நடத்தத் தொடங்கிற்று.

விருந்தே விருந்தாளியை மாற்றும்

சரி, இத்தனை குப்பியும் பறவைக்கு நன்மைதானா? யோசிக்க வேண்டிய விஷயம். அன்னா ஹம்மிங் பறவை என்ற இனம் ஒரு காலத்தில் கலிபோர்னியாக் கரையோரத்தோடு நின்றிருந்தது. இன்றைக்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பனிக்காலத்தையும் கழிக்கிறது. நகரத் தோட்டங்களும் ஃபீடர்களும் அதற்குக் கை கொடுத்தன என்று 2017-இல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது. 2025-இல் வந்த இன்னோர் ஆராய்ச்சி, ஃபீடர் பரவிய காலத்தில் அந்தப் பறவையின் அலகே நீண்டு கூர்ந்திருக்கிறது என்று காட்டிற்று. நாம் பறவைக்கு ஏற்றாற்போல் குப்பி செய்தோம். குப்பிக்கு ஏற்றாற்போல் பறவை தன்னை மாற்றிக்கொண்டு வருகிறது. சோறு போடுகிற கைக்கு அத்தனை பொறுப்பு உண்டு.

ஆகவே அங்கே இருக்கும் நண்பர்களுக்குச் சுருக்கமாகச் சில வார்த்தை. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். பூந்தேனின் இனிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். வெல்லம், தேன், சாயம் வேண்டாம். தேன் கலந்தால் சீக்கிரம் புளித்துக் காளான் பிடிக்கும். வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கொட்டிவிட்டுக் கழுவி ஊற்றணும். மேலே தண்ணீர் அகழி, நிழலில் இடம், கிரீஸுக்கும் மருந்துக்கும் தடை. கழுவச் சோம்பல் என்றால் குப்பியே தொங்கவிடாமல் இருப்பது புண்ணியம். இங்கே உள்ளவர்களுக்குக் குப்பியே வேண்டாம். வாசலில் செம்பருத்தி வையுங்கள், தேன்சிட்டு தானே வரும்.

இந்த நூறு வருஷத்தில் விஷ நாடா வந்தது, கிரீஸ் வந்தது, பூச்சி மருந்து வந்தது. ஜெயித்தது என்னவோ ஒரு வாய்த் தண்ணீரும், ஒரு சென்டிமீட்டர் ஆழமும்தான். யாரையும் கொல்லாமல், யார் எப்படி வருகிறார், எதை எட்டுவார் என்று பொறுமையாகப் பார்த்தவர்கள் கண்டுபிடித்த வேலி அது. இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! 'லேப் இல்லை, கருவி இல்லை, கைடு சரியில்லை' என்று சொல்லும் முன்னால் அயோவாக் கிராமத்து ஓவிய ஆசிரியையை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருந்தது சில குப்பியும், ஒரு நோட்டுப் புத்தகமும், ஏழு கோடையும். உங்களிடமும் ஒரு ஜன்னல் இருக்கிறது. நாளைக் காலையில் அதற்கு வெளியே யார் வருகிறார்கள் என்று முதல் வரியை எழுதிவிடுங்கள்.